வயிற்று நீரும் கேன்சர் பயமும்
வட்டகொடையில் இருக்கும் என் சாச்சிக்கு வயிறு வீங்கியது. சாப்பாடு இறங்கவில்லை, பின்னேரமானால் காய்ச்சல். ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர்; குடலை மூடிய கொழுப்புச் சவ்வும் தடித்திருந்தது. இரத்தத்தில் 'சிஏ 125' மிக அதிகம். "கேன்சராம் மகன், துஆ செய்ங்க" என்று உம்மா அழுதார்.

அந்த எண் சூலகப் புற்றுநோயில் மட்டும் கூடுவதில்லை. வயிற்றறைச் சவ்வில் காசநோய்க் கிருமி போய் உட்கார்ந்தாலும் கூடும். இருமலே இருக்காது, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கலாம். வயிற்று நீரை உருப்பெருக்கியில் பார்த்தாலும் கிருமி பெரும்பாலும் அகப்படாது. அந்த நீரில் 'ஏடிஏ' என்ற நொதியம் கூடியிருந்தால் சந்தேகம் காசநோய்ப் பக்கம் திரும்பும். ஆனால் உறுதியாகச் சொல்வது சதைத் துண்டுதான். இதைப் பார்க்காமல் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டு, பிறகு காசநோய் என்று தெரிந்துகொண்ட சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு.

சாச்சிக்குச் சிறு துளையிட்டு, கமரா விட்டுத் துண்டு எடுத்தார்கள். புற்றுக் கலங்கள் இல்லை. நடுவில் பாலாடைக்கட்டி போல் சிதைந்த சிறு முடிச்சுகள், காசநோயின் அடையாளம். ஆறு மாத மருந்து: முதல் 2 மாதம் நான்கு வகை, பிறகு 4 மாதம் இரண்டு வகை. அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். இரண்டாம் மாதமே சாச்சி சோறு கேட்டார்.