பாதம் பிடிக்கும் தொழிலும் சட்டம் வகுத்த எல்லையும்

உத்திரமேரூர் என்ற அளவில் குடவோலைக் கல்வெட்டு நினைவுக்கு வருதல் இயல்பு. வாரியப் பெருமக்களுக்குரிய வயது, நிலம், மனை, கல்வி ஆகிய தகுதிகளை வகுத்து, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகளை இவ்வூரார் அனைவரும் அறிவர். ஆயின், இவ்வட்டாரத்திலேயே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில் உள்ள மற்றொரு கல்வெட்டு அத்துணை பேசப்படுவதில்லை. வீரராசேந்திர சோழன் காலத்ததாகிய (1063 - 1070) அது, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றினைப் பற்றிக் கூறுகின்றது. மருந்து கொடுப்பவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளுக்குப் பணிபுரியும் பெண்டிர் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பணியும் ஊதியமும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. மருத்துவத்தில் யார் எதைச் செய்யலாம் என்னும் வரையறை நம் மண்ணுக்குப் புதிதன்று.

அவ்வரையறையை இன்று எண்ணிப் பார்க்கத் தூண்டுவது ரிஃப்ளெக்சாலஜி எனப்படும் பாத அழுத்தச் சிகிச்சை ஆகும். உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ளங்காலில் ஓரிடம் உண்டென்றும், அவ்விடத்தை அழுத்தினால் அவ்வுறுப்பு நலம்பெறும் என்றும் கூறும் முறை இது. பழங்கீழை மரபு எனப் பலரும் கருதினும், இதன் இன்றைய வடிவம் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு 1917இல் வெளியிட்ட மண்டலக் கொள்கையிலும், 1930களில் யூனிஸ் இங்காம் என்னும் அம்மையார் வரைந்த பாத வரைபடங்களிலும் தோன்றியதே. குழித்தறியில் நாள் முழுதும் மிதிகட்டையை மிதிக்கும் நெசவாளிக்கும், நடவுச் சேற்றில் நிற்கும் உழவர்க்கும் கால் பிடித்துவிட்டால் சுகம் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. அச்சுகத்தைப் பிணி தீர்க்கும் மருத்துவம் எனச் சொல்லத் தொடங்கும்போதுதான் சட்டம் குறுக்கிடுகின்றது.

படித்து வேலை கிட்டாத இளைஞர் ஒருவர் சில மாதப் பயிற்சி பெற்று, கடைத்தெருவில் ஓர் அறை எடுத்து இத்தொழிலைத் தொடங்க விரும்புகிறார் எனக் கொள்வோம். அவர் எந்த அலுவலகத்தில் உரிமம் பெறவேண்டும்? இத்தொழிலுக்கென ஓர் உரிமமோ பதிவேடோ நம் நாட்டில் இல்லை என்பதே விடை.

இந்நிலை உண்டான வரலாறு அறியத்தக்கது. மாற்று மருத்துவத்தின் பெயரால் நிறுவனங்கள் பெருகியமை குறித்த வழக்கொன்றில், இது பற்றிச் சட்டம் இயற்றுவதை ஆராயுமாறு தில்லி உயர்நீதிமன்றம் 1998 நவம்பரில் மத்திய அரசைப் பணித்தது. அதன்பின் அமைந்த வல்லுநர் குழு பல முறைகளை ஆய்ந்தது. அதன் அடிப்படையில் 2003 நவம்பர் 25ஆம் நாள் மத்திய நலவாழ்வு அமைச்சகம் ஆணை பிறப்பித்தது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி, ஓமியோபதி, யோகாவும் இயற்கை மருத்துவமும் ஆகியவை ஏற்புடைய முறைகளாயின. அக்குபங்சரும் அறிதுயில் சிகிச்சையும், தக்க பயிற்சி பெற்றோர் கையாளத்தக்க சிகிச்சை வழிகள் எனக் கொள்ளப்பட்டன. (அக்குபங்சர் 2019இல் தனிநிலை ஏற்பும் பெற்றது.) ரெய்கி, காந்த சிகிச்சை, நிற சிகிச்சை முதலியவற்றோடு ரிஃப்ளெக்சாலஜியும் ஏற்பு பெறாத வரிசையில் நின்றது. அத்தகைய முறைகளில் பட்டமோ பட்டயமோ வழங்கப்படாதவாறும், ஏற்புடைய முறையினர் மட்டுமே 'டாக்டர்' என வழங்குமாறும் மாநில அரசுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என அவ்வாணை கூறுகின்றது. துணைமருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் வந்த சட்டத்தின் பட்டியலிலும் இயன்முறை மருத்துவம் இடம்பெற்றது. பாத அழுத்தம் இடம்பெறவில்லை.

இங்கே மாணவர்கள் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆயிரக்கணக்கில் கட்டணம் பெற்று வழங்கப்படும் சான்றிதழ்களின் தலைப்பில் 'அரசுப் பதிவு பெற்றது' என்னும் தொடர் பெரிய எழுத்தில் காணப்படும். அப்பதிவு பெரும்பாலும் அந்நிறுவனத்தைச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிந்த பதிவேயாகும். இசைக்குழுவும் விளையாட்டு மன்றமும் அதே சட்டத்தின்கீழ்தான் பதிவு பெறுகின்றன! பட்டம் வழங்கும் உரிமை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கெனச் சட்டம் அதிகாரமளித்த நிறுவனங்களுக்குமே உரியது.

அப்படியாயின் பாதம் பிடித்தலே குற்றமாகுமோ எனின், ஆகாது. எத்தொழிலையும் செய்யும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு வழங்குகின்றது. தொழிலுக்குத் தகுதி வகுக்கும் அதிகாரத்தையும் அப்பிரிவே அரசுக்குத் தருகின்றது. களைப்பு நீங்கக் கால் பிடித்துவிடுவதாகக் கூறி, உள்ளாட்சியின் தொழில் அனுமதியும் கடைச் சட்டத்தின் விதிகளும் ஏற்று ஒருவர் நடத்துவாராயின் அது சேவைத் தொழில். நோய் இன்னதெனக் கணித்து, மருந்து எழுதி, வாயிலில் 'டாக்டர்' எனப் பலகை மாட்டினால் அது மருத்துவத் தொழில். பதிவேட்டில் பெயரில்லாதார் மருத்துவராகத் தொழில் புரிந்தால் ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்பது 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. மருத்துவமனை என நடத்தப்படும் இடமோ தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் (1997) பதிவு பெறல் வேண்டும்.

நீதிமன்றங்களும் இதில் நெகிழவில்லை. ஓமியோபதி பயின்றவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், ஒரு முறையைக் கல்லாது அம்முறையில் தொழில் செய்பவர் போலி மருத்துவரே என 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, 3 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் செய்தது. பரம்பரையாகச் செய்கிறோம் என வந்த கேரள வைத்தியர்களின் வேண்டுகோளையும் 2018இல் அது ஏற்கவில்லை.

விளம்பரமும் கவனத்திற்குரியது. நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம், வலிப்பு முதலிய நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கோ மந்திரப் பொருளுக்கோ விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. உடலுறுப்பின் இயக்கத்தை மாற்றக் கருதிய பொருள் எதுவும் அச்சட்டத்தில் 'மருந்து' என்பதற்குள் அடங்கும். ஆகவே பாத உருளையும் முள்செருப்பும் விற்போர் தம் துண்டறிக்கையைப் பன்முறை படித்துப் பார்த்தல் நலம்.

இவையெல்லாம் வெறும் ஏட்டுச் சட்டமல்ல. நீரிழிவு முற்றியவர்க்குப் பாதத்தில் உணர்ச்சி மழுங்கிவிடும். மரக்கோலால் அழுத்தும் வலியை அவர் அறியார். தோல் கன்றிப் புண்ணாகி, அழுகிக் காலையே இழக்க நேரலாம். அதனினும் கொடிது, சிகிச்சை தொடங்கியாயிற்று என்று இன்சுலினை நிறுத்திவிடுவது. பாத அழுத்தம் எந்நோயையும் தீர்க்கும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆஸ்திரேலிய அரசு 2019 ஏப்ரல் முதல் இதனைத் தனியார் மருத்துவக் காப்பீட்டுப் பயனிலிருந்து நீக்கியமைக்கும் அதுவே காரணம்.

நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒன்று கூற விழைகின்றேன். ஹிஜாமா செய்வோர் அண்மைக் காலத்தில் ஊர்தோறும் பெருகியுள்ளனர். யூனானியில் 'இலாஜ் பித் தத்பீர்' என்னும் பிரிவில் ஹிஜாமாவும், 'தல்க்' எனும் தடவுமுறையும் உரிய இடம் பெற்றுள்ளன. அவற்றை யூனானிப் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர் செய்தல் முறை. பட்டமில்லாதார் தோலைக் கீறிக் குருதி எடுப்பது பாதம் பிடிப்பதினும் பன்மடங்கு ஆபத்தானது. மார்க்க மரபு என்னும் காரணம் சட்டத்தில் விலக்கு ஆகாது. தொடுசிகிச்சையில் நாட்டமுள்ள மாணவர்க்குச் செவ்விய வழி திறந்தே உள்ளது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியும், இயற்கை மருத்துவ - யோகா கல்லூரியும் இயங்குகின்றன. சித்த மருத்துவப் படிப்பில் வர்மமும் தொக்கணமும் கற்பிக்கப்படுகின்றன. பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுகள் ஆகும்.

அவ்வளவு காலம் செலவிட இயலாதவர் பாதம் பிடிக்கும் தொழிலையே நாடினால், பலகையில் தம் பெயருக்குமுன் எந்த எழுத்தும் சேர்க்காமல் 'கால் பிடித்துவிடும் நிலையம்' என எழுதட்டும். வருபவரிடம் நீரிழிவு, இரத்தக் கட்டு, கருவுற்ற நிலை, ஆறாத புண் உண்டா எனக் கேட்டு, உண்டெனில் பதிவு பெற்ற மருத்துவரின் இசைவின்றித் தொடாதிருக்கட்டும். மருத்துவர் எனச் சொல்லி அறை கேட்டு வருவோரிடம் கட்டட உரிமையாளர்கள் சான்றிதழைக் கேட்பதோடு நில்லாமல், மாநிலப் பதிவேட்டின் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.