கயிறு இழுத்தால் மூடும் ஜன்னல் ஸ்கிரீன்: எதை பார்த்து வாங்கணும்? குழந்தை இருக்கும் வீட்டில் உஷார்!

திருவண்ணாமலை:

திருவண்ணாமலையில் 14 கிலோ மீட்டர் கிரிவலப்பாதையை ஒட்டிய வீடுகளில் பவுர்ணமி வந்தால் ராத்திரி முழுக்க ஜன்னலுக்கு வெளியே ஜனங்கள் நடந்தபடி இருப்பார்கள். ஸ்கிரீன் இல்லாமல் கண்ணை மூட முடியாது. வெயில் காலத்திலோ மேற்கு பார்த்த ஜன்னலை மூடாமல் மதியத்துக்கு மேல் வீட்டில் உட்கார முடியாது.

இதனால் வீடு கட்டுபவர்களும், பக்தர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுபவர்களும் கயிறு இழுத்தால் திறந்து மூடும் ஸ்கிரீன் மாட்ட ஆசைப்படுகின்றனர். ஆனால் துணியை தேர்வு செய்ய 2 மணி நேரம் செலவு செய்பவர்கள், அதை தாங்கும் சாமான்களை 2 நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். அங்குதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கயிறு யாருக்கு தேவை?

எல்லா ஜன்னலுக்கும் கயிறு தேவையில்லை. கை எட்டாத உயரத்தில் ஜன்னல் இருந்தாலோ, முன்னால் கட்டில், சோபா கிடந்தாலோ, துணி கனமாக இருந்தாலோ கயிறு உதவும். கையால் துணியை பிடித்து இழுப்பது மிச்சம் என்பதால் ஓரம் அழுக்காகாது. சாதாரண 4 அடி ஜன்னலுக்கு கையால் தள்ளும் பைப்பும் வளையமுமே போதும்.

ஸ்பிரிங் கம்பி மெல்லிய துணிக்கு மட்டும்தான் தாங்கும். கனமான துணி மாட்டினால் நடுவில் தொங்கிவிடும். வளையம் போட்ட பைப்பில் கயிறு கட்டி இழுத்தால் வளையம் சாய்ந்து அங்கங்கே மாட்டிக்கொள்ளும். கயிறு வேண்டும் என்றால் அதற்கென்றே வரும் அலுமினிய டிராக்தான் சரி.

எப்படி வேலை செய்யுது?

கிணற்று ராட்டினம் மாதிரிதான். டிராக்கின் இரண்டு முனையிலும் சின்ன சக்கரங்கள் இருக்கும. ஒரே கயிறு அவற்றை சுற்றி வந்து ஒரு பக்கமாக கீழே தொங்கும். டிராக்குக்குள் அந்த கயிறு 2 இழையாக ஓடும். இடது ஸ்கிரீனின் தலைப்பு ரன்னர் ஓர் இழையிலும், வலது ஸ்கிரீனின் தலைப்பு ரன்னர் இன்னோர் இழையிலும் பிடிக்கப்பட்டிருக்கும்.

கயிற்றை இழுத்தால் 2 இழையும் எதிர் எதிர் திசையில் ஓடும். அதனால் இரண்டு ஸ்கிரீனும் நடுவில் வந்து சேரும். மற்ற பக்கத்தை இழுத்தால் பிரியும். நாளாக ஆக நடுவில் இடைவெளி விழுந்தால் டிராக் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். தலைப்பு ரன்னரில் கயிறு வழுக்கியிருக்கும். நடுவில் சேர்த்து வைத்து மறுபடி இறுக்கி கட்டினால் போதும்.

அளவு எடுப்பது எப்படி?

ஜன்னல் அகலத்துக்கே டிராக் வாங்கினால், ஸ்கிரீனை திறந்தாலும் பாதி ஜன்னலை துணி அடைத்துக்கொள்ளும். பக்கத்துக்கு முக்கால் அடி கூடுதலாக விட வேண்டும். 4 அடி ஜன்னலுக்கு ஐந்தரை அடி டிராக். துணி டிராக் நீளத்தில் ஒன்றரை மடங்கு முதல் 2 மடங்கு வேண்டும். அதாவது சுமார் எட்டே கால் அடியில் இருந்து 11 அடி வரை. 4 அடி அகல ரெடிமேட் ஸ்கிரீன் 2 வாங்கினால் ஓரளவு சரியாக வரும்.

பிராக்கெட் 2 அடிக்கு ஒன்று வேண்டும். ஐந்தரை அடிக்கு 4 போடுவது நல்லது. கயிறு இழுக்கும்போது பாரம் முழுக்க அந்த முனையில்தான் விழும். சிமெண்டு பூச்சில் மட்டும் ஆணி பிடித்திருந்தால் பூச்சோடு பெயர்ந்து வந்துவிடும். டிரில்லில் ஓட்டை போட்டு, பிளக் அடித்து, செங்கல் அல்லது லிண்டல் கான்கிரீட் வரை திருகு போக வேண்டும்.

கழுத்தை இறுக்கும் கயிறு

இதில் விலையை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கீழே வளையமாக தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்தில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. மூச்சு அடைபடுவதால் குழந்தையால் கத்தவும் முடியாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். சேலையில் ஊஞ்சல் கட்டி விளையாடி கழுத்து இறுகி இறந்த குழந்தைகள் பற்றி நம்ம ஊரில் அடிக்கடி செய்தி வருகிறது. இதுவும் அதே மாதிரி ஆபத்துதான்.

அமெரிக்காவில் 5 வயது வரையிலான குழந்தைகளில் ஆண்டுக்கு சராசரியாக 9 பேர் ஜன்னல் திரை கயிறுகளில் சிக்கி இறப்பதாக அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்துள்ளது. கனடாவில் 2021-ம் ஆண்டு மே மாதம் முதல் இதற்கு கடும் விதிகள் நடைமுறையில் உள்ளன. இங்கிலாந்தில் கயிறு சுற்றும் கொக்கி தரையில் இருந்து குறைந்தது 1.5 மீட்டர், அதாவது சுமார் 5 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி.

என்ன செய்யணும்?

* கயிறு வளையத்தை கீழே இழுத்து பிடிக்கும் சக்கரம் செட்டோடு வருகிறதா என்று கேட்டு வாங்கவும். அதை சுவரில் திருகினால்தான் பயன். சும்மா தொங்கவிட்டால் பயன் இல்லை.

* வளையம் இல்லாமல் 2 முனையாக தொங்கும் கயிறு என்றால், 5 அடிக்கு மேல் சுவரில் கொக்கி அடித்து ஒவ்வொரு முறையும் சுற்றி வைக்க வேண்டும்.

* குழந்தையின் கட்டில், தூளி, நாற்காலி எதுவும் ஜன்னல் கயிறு பக்கம் இருக்கக்கூடாது. குழந்தை ஏறி நின்றால் 5 அடி உயரமும் எட்டிவிடும்.

* சின்ன குழந்தை இருந்தால் கயிறே வேண்டாம். தலைப்பு ரன்னரில் ஒரு குச்சி மாட்டி தள்ளும் டிராக் கிடைக்கிறது. விலையும் குறைவு, ரிப்பேரும் குறைவு.

* தீபத்துக்கும் பவுர்ணமிக்கும் ரூம் விடுபவர்களுக்கும் குச்சி டிராக்தான் நல்லது. யார் குழந்தையோடு வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

கடையிலேயே சோதிக்கலாம்

செட்டை கையில் வாங்கி சக்கரத்தை சுற்றி பார்க்கவும். சிக்காமல் சுற்ற வேண்டும். கயிறு பாலியஸ்டராக இருந்தால் நைலானை விட குறைவாக நீளும். ரன்னர் உடைந்தால் உதிரியாக கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளவும்.

டிராக் இறுகினால் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். துடைத்துவிட்டு மெழுகுவர்த்தியை லேசாக தேய்த்தால் போதும். கயிறு பிசிறு விட்டிருந்தால் அறுந்து விழும்வரை காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும்.

ஏற்கனவே கயிறு மாட்டியிருக்கும் வீடுகளில் இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யலாம். தொங்கும் கயிற்றை சுருட்டி, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் கட்டி வைக்கலாம். அதற்கு ஒரு ரூபாய்கூட செலவு இல்லை.