சோம்பலா, நோயா?



புனே நகரின் மார்கழிக் குளிர் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஆயினும், சித்திரை வெயிலிலும் ஒருவர் போர்வையை விடாதிருந்தால், ஊர் மாறியதன் விளைவென்று அதனைத் தள்ளிவிடுதல் தகாது. அப்பிழையை நாங்களே செய்தோம். எங்கள் இல்லத்தரசி ஓராண்டுக் காலம் அயர்ச்சியுற்றும், உடல் பருத்தும், முடி உதிர்ந்தும் வருந்தினார். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் அதனைச் சோம்பல் என்றனர், நாங்களும் மறுத்துரைத்தோமில்லை. ஆண்டுதோறும் செய்துகொள்ளும் உடற்பரிசோதனையில் எடுத்த குருதியே உண்மையைக் காட்டிற்று. கழுத்தின் முன்புறத்துள்ள தைராய்டுச் சுரப்பியை உடலின் காவற்படையே தாக்கி நலிவித்திருந்தது.

இந்நோயை 1912-ஆம் ஆண்டில் முதன்முதல் விவரித்தவர் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹாஷிமோட்டோ. அவர் பெயராலேயே இது வழங்குகிறது. 1956-இல் இலண்டனில் டோனியாக், ராய்ட் முதலிய அறிஞர்கள், இந்நோயாளரின் குருதியில் தைராய்டையே பகையாகக் கருதும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டனர். ஆடவரினும் மகளிரையே இது மிகுதியும் பற்றுகிறது.

2013-இல் வெளியான ஆய்வொன்று, சென்னை, மும்பை உள்ளிட்ட 8 இந்திய நகரங்களில் 5,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டுக் குறைவு இருந்தது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் அதுவரை தம் நோயை அறியாதிருந்தனர். எதிர்ப்பொருள் உடையோர் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேர்.

சோதனையின் இயல்பை அலுவலக வழக்கால் விளக்குவோம். கிளை அலுவலகம் வேலையில் பின்தங்கினால் தலைமை அலுவலகம் நினைவூட்டுக் கடிதங்களை அடுக்கும் அன்றோ? அவ்வாறே தைராய்டு தளர்ந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி டி.எஸ்.எச். என்னும் தூண்டுநீரை மேன்மேலும் அனுப்புகிறது. எனவே டி.எஸ்.எச். உயர்ந்திருப்பது பெரும்பாலும் தைராய்டின் தளர்ச்சியைக் குறிக்கும். எதிர்ப்பொருள் சோதனையோ அத்தளர்ச்சியின் காரணத்தைக் காட்டும்.

எல்லாரும் எல்லாச் சோதனையும் செய்துகொள்ள வேண்டுமோ? வேண்டுவதில்லை. அறிகுறியற்றோர் அனைவரையும் சோதிப்பதன் நன்மை தீமைகளை அறுதியிடப் போதிய சான்றில்லை என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2015-இல் கூறிற்று. ஆனால் கருவுற்றோர், தாய்க்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் உள்ளோர், முதல் வகை நீரிழிவு உடையோர், காரணம் புலப்படாது அயர்வோர் ஆகியோர் மருத்துவரைக் கலந்து டி.எஸ்.எச். சோதித்துக் கொள்ளுதல் நன்று.

எதிர்ப்பொருள் இருந்தும் டி.எஸ்.எச். சரியாக இருப்பின் அஞ்ச வேண்டா. இரயில் பாதையில் அது சிவப்பு விளக்கன்று, மஞ்சள் விளக்கே. இங்கிலாந்தில் விக்கம் என்னுமிடத்தில் 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், அத்தகைய மகளிருள் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 2 பேருக்கே சுரப்பி குன்றியது. மருந்து உடனே வேண்டுவதில்லை. ஆண்டுக்கொரு முறை டி.எஸ்.எச். பார்த்து வரலாம்.

சுரப்பி குன்றியோருக்கு லெவோதைராக்சின் மாத்திரை உண்டு. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பி அருந்த வேண்டும். நம்மவர்க்கு இது கடினமான விதிதான். எங்கள் இல்லத்தில் டிகாக்ஷன் இப்போது காத்திருக்கப் பழகிவிட்டது. இரும்புச் சத்து, சுண்ணச் சத்து மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளியே உண்ண வேண்டும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது.

மாற்றல் உத்தரவு வந்ததும் பாத்திரங்களைக் கட்டும் நாம், பழைய சோதனைத் தாள்களை எறிந்துவிடுகிறோம். அவற்றையும் மூட்டையில் சேர்ப்போமாக. இந்நோய் குடும்பத்தில் தொடர்வது. ஆதலின் ஊரிலுள்ள உடன்பிறந்தாருக்கும் செய்தி சொல்லுதல் கடமை. எங்கள் இல்லத்தரசி தம் தங்கைக்கு எழுதினார். அவருக்கும் இதே குறை. அவரையும் அங்கே சோம்பேறி என்றே சொல்லி வந்தனராம்.

இருவரும் இப்போது நலமாக உள்ளனர். எங்கள் இல்லத்தில் அச்சொல்லை வழங்குவதை நாங்கள் விட்டுவிட்டோம்.