விளக்கொளியின் துடிப்பும் கண்ணின் சோர்வும்

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. அக்காலத்தில் நெல்லியடி மாணவரும், ஏனைய ஊர் மாணவரைப் போலவே, ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்ட விளக்கின் அருகிருந்தே பரீட்சைக்குப் படித்தனர். காற்றில் அச்சுடர் ஆடியதைக் கண் கண்டது. கை மறைத்துக் காத்தது. இன்றைய மின்விளக்கிலும் ஓர் ஆட்டம் உண்டு. அது கண்ணுக்குப் புலனாகாதது. ஆதலின் அதனைக் காப்பாரும் இலர்.

இலங்கையில் வழங்கப்படும் மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை திசைமாறி மீளும் ஆடலோட்டமாகும். ஒவ்வோர் ஆடலிலும் அது இருமுறை உச்சத்தை அடைந்து இருமுறை பூச்சியமாகும். எனவே விளக்கொளியும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றது. பழைய இழைக்குமிழில் இத்துடிப்பு சிறிதே. காய்ந்த இழை அத்துணை விரைவிற் குளிர்வதில்லை. சோக் பூட்டிய பழைய ரியூப் லைற்றில் அது மிகுதி. எல்.இ.டி. குமிழின் ஒளியோ ஓட்டத்தை உடனுக்குடன் பின்பற்றுவது. உள்ளிருக்கும் மின்சுற்று ஓட்டத்தைச் சீராக்காதாயின் அதிலும் துடிப்பு மிகும்.

விநாடிக்கு 100 துடிப்புகளை மனம் உணராதாயினும் விழித்திரை அவற்றுக்கு மறுமொழி தருகின்றது. இங்கிலாந்தில் ஆணல்ட் வில்கின்சும் துணைவரும் அலுவலகப் பணியாளரிடை நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. பழைய சோக்கை நீக்கி, விநாடிக்குப் பல்லாயிரம் துடிப்புகளைத் தரும் மின்னணுச் சோக்கைப் பொருத்தியபோது, தலைவலியும் கண்ணயர்வும் சராசரியிற் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. இதனாற் கண் குருடாகும் என அஞ்சவேண்டுவதில்லை. ஆயினும் இரவெல்லாம் நூலை நோக்கும் மாணவர்க்குத் தலைவலியும் சோர்வும் சிறு இழப்பல்ல; அவற்றைத் தம் சோம்பலின் குறையென அவர் எண்ணிவிடுதலும் கூடும்.

துடிப்பை அறிதற்குக் கருவி வேண்டா. விளக்கின்கீழ் ஒரு பென்சிலை விரைந்து இருபுறமும் அசைத்து நோக்குக. அதன் தடம் தொடர்ந்த மங்கலாகத் தோன்றின் ஒளி சீரானது. பல பென்சில்கள் தனித்தனியே நிற்பனபோலத் தோன்றின் ஒளி துடிக்கின்றது. அத்தகைய விளக்கைப் படிக்கும் மேசையினின்றும் நீக்குதலே தகும். குமிழ் வாங்குவோர் விலையோடு இதனையும் நோக்குதல் நன்று. அன்று சுடரைக் கையால் மறைத்துக் காத்தவர்க்கு இச்சிறு சோதனை அரிதன்று.