உஷார்! சாய்ந்த கம்பம் தானாக நிமிராது

ஐப்பசி மழை கொட்டுவதற்குள் உங்கள் தெரு மின்கம்பத்தை ஒருமுறை நின்று பாருங்கள். சாய்ந்திருக்கிறதா? "அது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். ஆபத்தே அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

காற்றடித்தால் கம்பம் வளையத்தான் செய்யும். அதற்குக் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் காற்று நின்றதும் அது நிமிர்ந்துவிட வேண்டும். எஃகுக் குழாய்க் கம்பங்களுக்கான ஐ.எஸ். 2713 தர விதிப்படி, சோதனைச் சுமையை எடுத்த பிறகு மிஞ்சும் வளைவு 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. சிமென்ட் கம்பத்தில் வடிவமைப்புச் சுமை ஏறுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும் விரிசல் விழுந்தால், அது சோதனையில் தேறாது.

இவ்வளவு கறாராகச் சோதித்து வந்த கம்பம்தான் தெருவில் முழக்கணக்கில் சாய்ந்து நிற்கிறது. பெரும்பாலும் கம்பம் வளைவதில்லை, அடிமண் இளகி அப்படியே சரிகிறது. மழைநீர் வடிகாலுக்காகக் கம்பத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டுகிறார்கள். கேபிள் டி.வி. வயரையும் இன்டர்நெட் வயரையும் கணக்கில் இல்லாத சுமையாகக் கட்டிவிடுகிறார்கள். முனைக் கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி தொய்ந்துபோனால், மின்கம்பிகளின் இழுவை முழுவதும் கம்பத்தின் மேல் விழுகிறது. ஒருமுறை சாயத் தொடங்கிவிட்டால் கம்பத்தின் சொந்த எடையே அதை மேலும் சாய்க்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 8 மீட்டர் கம்பத்தில் ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் போனால் வெளியே நிற்பது ஆறரை மீட்டர். அது 10 டிகிரி சாய்ந்தால் உச்சி 1.1 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். வீட்டுச் சுவருக்கும் மின்கம்பிக்கும் இடையே பக்கவாட்டில் விதி கேட்கும் இடைவெளி 1.2 மீட்டர்தான். தாழ்வழுத்தக் கம்பிக்கும் 11 கே.வி. கம்பிக்கும் இதே அளவு. கம்பம் வீட்டுப் பக்கம் சாய்ந்தால் இந்த இடைவெளி ஏறக்குறைய முழுவதும் போய்விடும். அப்புறம் மொட்டை மாடியில் துணி உலர்த்துபவர் கைக்கு எட்டும் தூரத்தில் மின்சாரம்!

மறுபக்கமும் பயம்தான். சாய்வினால் கம்பிகள் தொய்கின்றன. தெருவின் குறுக்கே 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய தாழ்வழுத்தக் கம்பி, வைக்கோல் லாரியின் பாரத்தில் உரசும். தொய்ந்த கம்பிகள் காற்றில் ஒன்றோடொன்று மோதினால் தீப்பொறி பறக்கும், அறுந்தும் விழும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. நிமிர்ந்து நின்ற கம்பங்களுக்கே அந்தக் கதி!

நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி நிமிர்த்தலாம் என்று இறங்கவே இறங்காதீர்கள். ஸ்டே கம்பியில் மாடு கட்டாதீர்கள், கொடி கட்டாதீர்கள். அடியில் விரிசலோ, வெளியே தெரியும் துருப்பிடித்த கம்பியோ இருந்தால் குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியை நெருங்காதீர்கள்.

கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு இன்றே போன் செய்யுங்கள். பிரிவு அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். கம்பத்தை நிமிர்த்தி, அடியில் கான்கிரீட் போடும்வரை விடாமல் கேளுங்கள்.