உயர்த்திய ஜீப்புக்கு உரிய டயர் எது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பார்கள். இந்தப் பழமொழியை இன்று அதிகமாக நினைவூட்ட வேண்டிய இடம் எது என்று என்னைக் கேட்டால், டயர் கடை என்றுதான் சொல்வேன்.

காலாப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் என் தந்தையார் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மாலை வேளைகளில் கடையில் அவருக்குத் துணையாக நிற்பது வழக்கம். சில ஆண்டுகளாக அங்கே அடிக்கடி வந்து நிற்பவை ‘தார்’ போன்ற ஜீப்புகள். ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியிருப்பார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி தெரியும். அதைக் காட்டி, “அண்ணே, அதான் இவ்வளவு இடம் இருக்குதே, முப்பத்துமூணு போட்டுடலாமா?” என்று கேட்பார்கள். முப்பத்துமூன்று என்பது டயரின் விட்டம், அங்குலக் கணக்கில்.

கேட்பவர்களில் பெரும்பாலோர் அதே வண்டியில்தான் நாள்தோறும் வேலைக்குச் செல்கிறார்கள். மணலும் செம்மண் மேடும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமே. பாலைவனத்தின் பெயரைத் தாங்கிய வண்டி ஆறு நாளும் ஓடுவது தார்ச்சாலையில்! ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். எவ்வளவு பெரிய டயர் நுழையும் என்பதன்று, எவ்வளவு பெரிய டயரை அந்த வண்டி நாள்தோறும் தாங்கும் என்பதே கேள்வி. நாம் வகுப்பறையில் கற்கும் எளிய இயற்பியலே இதற்கு விடை சொல்லிவிடும்.

எண்கள் சொல்லும் செய்தி

ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் அதன் சாதகம் எழுதப்பட்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த தார் வண்டியில் ரிம்முக்கு ஏற்ப 245/75 ஆர் 16 என்றும், 255/65 ஆர் 18 என்றும் இருவகை டயர்கள் வந்தன. முதலாவதை எடுத்துக்கொள்வோம். 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மூன்றும் மூன்று வகையான அளவைகள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கணக்கு எளிது. 245இல் 75 விழுக்காடு 183.75 மி.மீ. சுவர் மேலும் கீழும் இருப்பதால் அதை இரட்டிக்க 367.5 மி.மீ. ரிம் 16 அங்குலம், அதாவது 406.4 மி.மீ. கூட்டினால் டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 774 மி.மீ. இதே முறையில் பார்த்தால் 265/75 ஆர் 16 டயர் 804 மி.மீ. வரும். ‘முப்பத்துமூணு’ என்று கேட்கப்படும் 285/75 ஆர் 16 டயர் 834 மி.மீ. வரும்.

ஆக, 774 இருந்த இடத்தில் 834. கூடுதல் 60 மி.மீ. விழுக்காட்டில் 7.75. கேட்பதற்குச் சிறிய எண்தான். அது என்னென்ன செய்கிறது என்று காண்போம்.

உயரம் எவ்வளவு கூடுகிறது?

ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தும்போது உயர்வது வண்டியின் உடல் மட்டுமே. ஆக்சிலும், அதன் நடுவே பானை போலத் தொங்கும் டிஃபரென்ஷியலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் இடிபடுவது பெரும்பாலும் அந்தப் பானைதான். அதை உயர்த்த வல்லது பெரிய டயர் ஒன்றே. பெரிய டயர் விரும்புவோரின் வாதம் இது, வாதம் சரியானதே.

ஆனால் ஆக்சில் டயரின் மையத்தில் இருக்கிறது. விட்டம் 60 மி.மீ. கூடினால் ஆக்சில் உயர்வது அதில் பாதி, அதாவது 30 மி.மீ. மூன்று சென்டிமீட்டர், இரண்டு விரல் அகலம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முள் காட்டும் பொய்

வேகமானி வண்டியின் வேகத்தை நேராக அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதிலிருந்தே கணக்கிடுகிறது. 774 மி.மீ. டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 411 முறை சுற்றும். 834 மி.மீ. டயர் 382 முறை சுற்றினாலே போதும். எனவே முள் 60இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 64.6 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

தூரம் காட்டும் மீட்டருக்கும் இதே கதிதான். “பெரிய டயர் போட்டதிலிருந்து மைலேஜ் குறைஞ்சு போச்சு” என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லிட்டருக்கு 12 கி.மீ. ஓடும் வண்டி அதே அளவு டீசலில் அதே தூரம் ஓடினாலும் மீட்டர் கணக்குப்படி 11.1 தான் வரும். டயரின் கனத்தால் உண்மையாகவே குறைவது இதற்கும் மேலே.

ஏழு மீட்டர்

இனிதான் முக்கியமான செய்தி. பிரேக் பிடிப்பது சக்கரத்தின் நடுவே. வண்டி நிற்பது சக்கரத்தின் விளிம்பில். நடுவே உண்டாகும் திருப்புவிசையை ஆரத்தால் வகுத்தால்தான் சாலையில் கிடைக்கும் தடைவிசை வரும். ஆரம் கூடினால் அதே அழுத்தத்துக்குக் கிடைக்கும் தடைவிசை குறைகிறது.

இதோடு முள் காட்டும் பொய்யையும் சேர்ப்போம். நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது நாம் அறிந்ததே. வேகம் 1.0775 மடங்கு, ஆகவே அதன் இருமடி. தடைவிசை 1.0775 மடங்கு குறைவு, ஆகவே இன்னொரு முறை. மொத்தத்தில் விகிதம் மும்மடியாகிறது. 1.0775ஐ மும்முறை பெருக்கினால் 1.25. விட்டத்தில் 7.75 விழுக்காடு என்று உள்ளே நுழைந்தது, நிற்கும் தூரத்தில் 25 விழுக்காடாக வெளியே வருகிறது!

எடுத்துக்காட்டாக, முள் 60 காட்டும்போது நொடிக்கு நொடி 5 மீட்டர் வேகம் குறையும்படி பிரேக் மிதிப்பதாகக் கொள்வோம். பழைய டயரில் வண்டி 27.8 மீட்டரில் நிற்கும். முப்பத்துமூன்று அங்குல டயரில், அதே முள்ளில், அதே மிதியில், 34.8 மீட்டர் ஆகும். ஏழு மீட்டர் கூடுதல். இன்னும் அழுத்தி மிதித்தால் இதில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம் என்பது உண்மையே. ஆனால் பழகிய கால் பழகிய அளவுக்குத்தான் முதலில் மிதிக்கும்.

டயரின் கனத்தையும் மறந்துவிடக் கூடாது. வண்டிக்குள் ஏற்றும் 10 கிலோ முன்னோக்கி மட்டுமே நகர்கிறது. டயரின் விளிம்பில் ஏறும் 10 கிலோவோ நகரவும் செய்கிறது, சுழலவும் செய்கிறது. ஆகவே அதை ஓட்டவும் நிறுத்தவும் ஏறக்குறைய இருமடங்கு ஆற்றல் வேண்டும்.

என் தங்கை பள்ளிக்குச் செல்ல நாள்தோறும் இருமுறை இந்தச் சாலையைக் கடக்கிறாள். அவளுக்கு வரும் ஜீப்பின் டயர் அளவு தெரியாது. வண்டியின் தொலைவைக் கண்ணால் அளந்து காலை எடுத்து வைக்கிறாள். அந்த அளவில் ஏழு மீட்டர் பிசகினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஓட்டுபவருக்குக் கிடைத்த உயரம் மூன்று சென்டிமீட்டர். எதிரே கடப்பவர் இழந்த தூரம் ஏழு மீட்டர். இந்த வணிகத்தில் இலாபம் யாருக்கு?

சாயும் வண்டி

உயர்த்திய வண்டியின் எடைமையமும் மேலே போகிறது. கணக்குக்காக இரு சக்கரங்களுக்கு இடையே 1500 மி.மீ. என்றும், எடைமையம் 700 மி.மீ. உயரத்தில் என்றும் வைத்துக்கொள்வோம். பாதி அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.07. ஸ்பிரிங்கும் டயருமாகச் சேர்ந்து மையத்தை 75 மி.மீ. உயர்த்தினால் இது 0.97 ஆகிவிடும். கவிழாமல் தாங்கும் தன்மையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போயிற்று. குறுக்கே மாடு வந்து ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதுதான் இந்தப் பத்தில் ஒரு பங்கின் அருமை தெரியும்.

மணலும் வெள்ளமும்

“மணல்ல புதையுதே, வெள்ளத்துல நிக்குதே, அதுக்கு என்ன செய்யறது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று உயரமான வண்டியின் அருமையை ஊரே கண்டது. ஆனால் அன்று உதவியது வண்டியின் மொத்த உயரம். டயர் தரும் மூன்று சென்டிமீட்டர் அதில் சிறு பகுதியே. தவிர, நீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போனால் அகலமான டயர் நீரின் மேல் மிதந்து பிடிப்பை இழக்கும் வாய்ப்பு அதிகம்.

மணலில் உதவுவது டயரின் அளவைவிடக் காற்றின் அழுத்தம். டயர் தரையைத் தொடும் பரப்பு, ஏறக்குறைய அதன் மேலுள்ள எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்த அளவு. 32 பவுண்டு காற்றை 18க்கு இறக்கினால் தொடும் பரப்பு ஒன்றேமுக்கால் மடங்காகிறது. எந்தப் பெரிய டயரும் தராத ஆதாயம் இது. செலவோ ஒரு காசும் இல்லை. தார்ச்சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் காற்றை நிரப்பிவிட வேண்டும், அவ்வளவே. ஆயினும் பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் கடற்கரை மணலில் எந்த டயரும் ஏறாதிருப்பதே நல்லது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் சட்டம். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. வண்டியை உயர்த்துவதற்கும் இது பொருந்தும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பதும் இத்தகைய மாற்றங்களைத்தான்.

என் தந்தையார் மூன்றாம் வகுப்போடு நின்றவர். மும்மடிக் கணக்கு அவருக்குத் தெரியாது. ஆனால் அவரிடம் ஒரு சோதனை உண்டு. மட்கார்டின் உட்புறம் சாக்பீஸைப் பூசி, முன்சக்கரம் ஒன்றைச் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை ஒடிக்கச் சொல்வார். டயரில் வெள்ளை ஒட்டினால் இடம் போதாது என்று பொருள். ஸ்பிரிங் அமுங்கும்போது, நின்ற வண்டியில் தெரிந்த இடைவெளி காணாமல் போய்விடும். “தம்பி, ஏறி உக்கார்றது பெருசு இல்ல, நெனச்ச எடத்துல நிக்கணும்” என்பார். சிலர் கேட்டுக்கொள்வர், சிலர் வேறு கடைக்குப் போய்விடுவர். பெரிய டயர் விற்றால் அவருக்கு வரவு அதிகம்தான். ஆயினும் அவர் சொல்வதை மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கணக்கும் அனுபவமும் சேர்ந்து சொல்லும் முடிவு இதுதான். நாள்தோறும் ஓட்டும் வண்டிக்கு அசல் விட்டமே சிறந்தது. வண்டியை உயர்த்தியதால் டயரையும் பெரிதாக்கியே தீரவேண்டும் என்பதில்லை. மண்ணில் பிடிப்பு வேண்டுமானால் அதே அளவில், சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான பட்டன் உள்ள டயரை வாங்கலாம். சற்று அகலம் வேண்டுமானால் 265/70 ஆர் 16 இருக்கிறது. அதன் விட்டம் 777 மி.மீ. தான். 265/75 ஆர் 16 போட்டாலே நிற்கும் தூரம் 12 விழுக்காடு கூடிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்கட்டும். டயரில் பொறித்திருக்கும் சுமை எண்ணும் பழையதற்குக் குறையக் கூடாது. 111 என்றிருந்தால் ஒரு டயர் 1090 கிலோ தாங்கும் என்று பொருள்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை சம்பாதித்து வண்டி வாங்கத்தான் போகிறோம். அன்று டயர் கடைக்குப் போகுமுன் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துப் புதிய விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுத்து, வந்த எண்ணை மும்முறை பெருக்கிப் பாருங்கள். அந்த எண்ணுக்குச் சம்மதம் என்றால் மட்டும் பணத்தை எடுங்கள்.