உப்பங்கழியிற் படகு செலுத்துதல்

கடல்நீர் நிலத்தினுட் புகுந்து, சேற்றுநிலத்தின் ஊடே பலவாகக் கிளைத்து ஓடும் நீர்வழியை உப்பங்கழி என்பர். ஆற்றில் நீரோட்டம் ஒரு திசையே நோக்கும். ஏரியில் ஓட்டமே இல்லை. கழியிலோ நீரின் போக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு முறை மாறும். இதனை உணராது தோள்வலியை மட்டும் நம்பிச் செல்வோன் ஏமாறுவான். சென்ற விடுமுறையில் யானும் அவ்வாறு ஏமாந்தேனாதலின், அறிந்தவற்றை நண்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்திற்கும் கொள்ளிட முகத்துவாரத்திற்கும் இடையே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர்ப் பரப்பில் அமைந்துள்ளது பிச்சாவரம் அலையாத்திக்காடு. சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை முதலிய மரங்கள் அதனுள் வளர்கின்றன. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயர் இம்மரத்தால் வந்ததென்பர். இதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வைக்குத் தீங்கு விளையும். ஆதலின் படகிலிருந்தவாறே கிளைகளை ஒடித்தல் ஆகாது.

குறுகிய கழிக்கு ஏற்றது, அகலங் குறைந்து, ஆழமில்லா நீரிலும் மிதக்கும் சிறு படகே. இவ்வகையுள், கனூ ஒற்றை அலகுடைய துடுப்பாற் செலுத்தப்படுவது. கயாக் இருமுனையிலும் அலகுடைய துடுப்பாற் செலுத்தப்படுவது. வடதுருவத்தை அடுத்து வாழும் இனூயிட் மக்கள், மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, கடல்நாய்த் தோலைப் போர்த்து, வேட்டைக்கெனச் செய்த படகே கயாக்கின் மூலமாம். இவ்விரண்டிலும் துடுப்பிடுவோன் முன்னோக்கி அமர்தலால், எதிர்வரும் வேர்களையும் மணல்திட்டுக்களையும் கண்டு விலகலாம்.

இனி, நீரின் இயல்பை நோக்குவோம். திங்களும் ஞாயிறும் ஈர்ப்பதாற் கடல்நீர் ஏறியும் இறங்கியும் வருகின்றது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகவே இன்றைய ஏற்றம் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி நிகழும். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும். நீர் ஒரே சீராக இறங்குவதன்று. முதல் மணியில் மெல்ல இறங்கி, இடைப்பட்ட இரண்டு மணியில் மொத்த இறக்கத்தின் பாதியளவு விரைந்து இறங்கும். பிச்சாவரத்தில் ஏற்ற வற்ற வேறுபாடு மிகினும் மூன்றடியளவே. எனினும், கிளைக்கழிகளின் ஆழமே சில அடியாகும் இடத்தில் அம்மூன்றடி பெரிதன்றோ?

யானும் நண்பர் மூவரும் முதியவர் ஒருவர் செலுத்திய படகிற் சென்றோம். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றினின்று தலைகாட்டத் தொடங்கியதைக் கண்டு, "நீர் இறங்குகின்றது; திரும்புவோம்" என்றார் அவர். "இன்னும் சற்றுத் தூரம், ஐயா" என்று யாம் வற்புறுத்தினோம். அவரும் இணங்கினார். சிறிது பொழுதிற் படகு தரைதட்டிற்று. அதனைத் தள்ளுதற்குக் குதித்த நண்பன் தொடையளவு சேற்றில் அழுந்தினான். முதியவர் துடுப்பை நீட்டிப் படகினுள் இழுத்திராவிடில், அன்று யாது விளைந்திருக்குமோ, அறியேன். அஞ்சி நடுங்கிய எம்மை நோக்கி, "தம்பிகளே, ஏறுநீரிலே தரைதட்டினால் நீரே தூக்கிவிடும், இறங்குநீரிலே தட்டினாற் காத்திருத்தலே வழி" என்றார். அந்திப்பொழுதில் நீர் மீண்டும் ஏறிய பின்னரே கரை சேர்ந்தோம்.

படகிற்கு மட்டுமன்று, காட்டிற்கும் இந்நீர்ப்போக்கே உயிர். முன்னாளில் மரங்களைத் தொகுதியாக வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து தொட்டிபோலாயிற்று. உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வெயிலிற் காய்ந்து, உப்பு மிகுந்து, செடி முளையாதாயிற்று. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அவ்விடங்களில் மீன்முள் வடிவாகக் கால்வாய்கள் வெட்டி, கடல்நீர் வந்து மீளச் செய்து, மரக்கன்றுகளை நட்டன. காடு மீண்டும் தழைத்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டின் பின்னே அமைந்த குப்பங்கள், காப்பின்றிக் கடலோரம் நின்றவற்றினும் குறைந்த சேதமே அடைந்தன.

நீர்ப்போக்கை மறித்தாற் காடு பட்டுப்போம். மறந்தாற் படகு தரைதட்டும். ஆதலின் நண்பர்காள், கழிக்குச் செல்லும்போது ஏறுநீரோடு உட்சென்று, வற்றம் விரைவதற்கு முன்னரே திரும்புக. படகின் கூலியைக் கேட்குமுன் வற்றத்தின் நேரத்தைக் கேளுங்கள். படகோட்டுவோர் திரும்புவோம் என்றால், மறுமொழி கூறாது திரும்புங்கள்.